வயிற்றுச் சீழ்க்கட்டியும் நான்கு மில்லிமீட்டர் குழாயும்

மூதூர்ப் பக்கத்து வயல்காரர் ஒருவர். பல வருடமாகச் சீனி வருத்தம். மாரி தொடங்கி, விதைப்பு முடிந்த கையோடு காய்ச்சல் பிடித்திருக்கிறது. மூன்று கிழமை பனடோலோடு சமாளித்திருக்கிறார். வலது விலாவுக்குக் கீழே நோவு, நடுக்கம், சாப்பாடும் இறங்கவில்லை. கடைசியில் மகள் பிடிவாதமாக நின்றுதான் திருகோணமலைக்குக் கூட்டி வந்தார். ஸ்கேன் செய்து பார்த்தால் ஈரலில் எட்டு சென்ரிமீட்டர் அளவில் சீழ்க்கட்டி.

"டொக்டர், வயிற்றைக் கிழிக்கப் போறீங்களா?" இதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. அந்தப் பயத்தில்தான் அத்தனை நாளும் வீட்டிலேயே படுத்திருக்கிறார்.

இல்லை ஐயா, ஒரு சின்னக் குழாய் போதும் என்றேன். அவர் நம்பவில்லை. நம்பாதவர்கள் நிறையப் பேர் இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

கிருமி பரவாமல் இருக்க உடம்பு அதைச் சுற்றி ஒரு சுவர் எழுப்புகிறது. உள்ளே சீழ் தேங்குகிறது. நாங்கள் கொடுக்கும் மருந்து இரத்தத்தோடுதான் போகும். சீழுக்குள் இரத்த ஓட்டம் கிடையாது. அதனால் சின்னக் கட்டிகள் மருந்திலேயே கரைந்தாலும், பெரியவற்றை வடித்துத்தான் ஆக வேண்டும். அமீபாவால் வரும் ஈரல் கட்டி மட்டும் கொஞ்சம் வேறு. பெரும்பாலும் மெட்ரோனிடசோல் மருந்துக்கே அடங்கிவிடும்.

வடிக்கும் முறை இதுதான். முதலில் இரத்தம் உறையும் தன்மையைச் சோதிப்போம். வார்ஃபரின், குளோபிடோக்ரல் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து குடிப்பவர்கள் அதை முன்கூட்டியே கட்டாயம் சொல்ல வேண்டும். பிறகு தோலை விறைக்க ஊசி. அல்ட்ராசவுண்ட் திரையில் குடலையும் பெரிய இரத்தக் குழாய்களையும் பார்த்து விலக்கிக்கொண்டே ஒரு நீண்ட ஊசியைக் கட்டிக்குள் செலுத்துவோம். ஆழத்தில், குடலுக்குப் பின்னால் இருந்தால் சீ.ரி. ஸ்கேன் தேவைப்படும். ஊசி வழியாக மெல்லிய கம்பி, கம்பியின் மேல் குழாய். செல்டிங்கர் என்ற ஸ்வீடன் கதிரியக்க வைத்தியர் 1953 இல் இரத்தக் குழாய்களுக்காக வெளியிட்ட முறை இது. குழாயின் நுனி உள்ளே போனதும் சுருண்டுகொள்ளும், அதனால் இலேசில் கழன்று வராது. 12 பிரெஞ்ச் அளவுக் குழாய் என்றால் குறுக்களவு 4 மில்லிமீட்டர்தான். முழு மயக்கம் வேண்டியதில்லை. அன்றிரவு நடுக்கத்தோடு காய்ச்சல் கூடலாம். அதற்காகத்தான் வார்டில் வைத்துப் பார்க்கிறோம்.

எடுத்த சீழை ஆய்வுகூடத்துக்கு அனுப்புவதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. எங்கள் பகுதியில் சேற்றில் இறங்கி வேலை செய்கிற, சீனி வருத்தமுள்ள ஒருவருக்குச் சீழ்க்கட்டி என்றால் மெலியோய்டோசிஸை நினைக்காமல் இருக்க முடியாது. மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு கிருமியால் வரும் நோய் அது. அந்தக் கிருமி வழக்கமான மருந்துகள் பலவற்றுக்கு மசியாது. குறைந்தது இரண்டு கிழமை நரம்பு வழி ஊசி, அதன் பிறகு மூன்று மாதமாவது மாத்திரை. சீழில் உள்ள கிருமியை ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்க்காமல் விட்டால், குழாய் தன் வேலையைச் செய்தும் நோய் திரும்பிவிடும்.

குழாய் போட்ட பிறகு கவனிப்பதுதான் பெரிய வேலை. ஒரு நோயாளிக்குத் திடீரென்று சீழ் வருவது நின்றுவிட்டது. சுகமாகிவிட்டது என்று வீட்டார் சந்தோஷப்பட்டார்கள். காய்ச்சல் மட்டும் விடவில்லை. போர்வையை விலக்கிப் பார்த்தால், சாரத்தின் கட்டுக்குள் குழாய் மடங்கிக் கிடந்தது. சரி, நிமிர்த்தியதும் ஓடத் தொடங்கிவிட்டது. சீழ் வந்து சேரும் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே இருக்கட்டும். வரும் அளவை ஒவ்வொரு நாளும் எழுதி வையுங்கள். தாதியர் உப்பு நீரால் குழாயைக் கழுவும்போது தடுக்காதீர்கள். ஒரு நாளைக்கு 10, 20 மில்லிலீட்டருக்குக் குறைந்து, காய்ச்சலும் விட்டு, ஸ்கேனிலும் கட்டி சுருங்கியிருந்தால்தான் கழற்றுவோம்.

எல்லாருக்கும் இது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். குடல் ஓட்டையாகி வயிறு முழுவதும் சீழ் பரவியிருந்தால் சத்திரசிகிச்சைதான் உயிரைக் காக்கும். உள்ளே பல அறைகளாகப் பிரிந்த கட்டியில் குழாய் தோற்றுப்போவதும் உண்டு. அப்போது சத்திரசிகிச்சை நிபுணரிடம் உடனே கொடுத்துவிடுவோம்.

அந்த வயல்காரருக்கு முதல் நாளே கால் லீட்டருக்குக் கிட்ட வடிந்தது. மூன்றாம் நாள் காலை கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, கஞ்சி வேண்டும் என்று மகளிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.