அணு ராக்கெட் கிளம்பும்போது வெடித்தால் என்ன ஆகும்?

அந்த வாட்ஸ்அப் ஆடியோ மறுபடியும் சுற்றுக்கு வந்துவிட்டது. "அணு ராக்கெட் ஏவப் போகிறார்கள், கிளம்பும்போது வெடித்தால் ஒரு நாடே காலி, உடனே எல்லாருக்கும் அனுப்புங்கள்." புற்றுநோய்ப் பிரிவில் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலராக வேலை பார்ப்பதால், சொந்தக்காரர்கள் இதை எனக்குத்தான் முதலில் அனுப்புவார்கள். வழக்கமாக ஒரு வரி பதில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். ஆனால் போன வாரம் சிகிச்சைக்கு வந்த ஓர் அம்மாவின் மகன் அதே ஆடியோவைப் போட்டுக் காட்டி, "வானத்துலயே இவ்வளவு கதிர்வீச்சு வரப்போகுதாம், அம்மாவுக்கு இப்ப கொடுக்கிறதைத் தள்ளிப் போடலாமா சார்?" என்று கேட்டார். அதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை.

முதல் விஷயம், அணு உலையின் வெப்பத்தால் உந்தப்படும் ராக்கெட் எதுவும் இதுவரை விண்ணுக்குப் போனதே இல்லை. அமெரிக்கா 1960களில் நெவாடா பாலைவனத்தில் ஜாக்கஸ் ஃபிளாட்ஸ் என்ற இடத்தில் இந்த எஞ்சின்களைத் தரையில் நிறுத்தி இயக்கிப் பார்த்தது. 1973-ல் திட்டத்தை மூடியது. அண்மையில் நாசாவும், அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பான தார்பாவும் சேர்ந்து தொடங்கிய டிராகோ என்ற அணு ராக்கெட் திட்டமும் 2025-ல் கைவிடப்பட்டது. ஆடியோ பேசும் ராக்கெட் இப்போதைக்கு ஏவுதளத்திலேயே இல்லை.

இனி அந்த 'வெடித்தால்' கதை. எனக்கு அதிகம் எரிச்சல் வருவது இதில்தான், கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். உலை அணுகுண்டு மாதிரி வெடிக்காது. அணுகுண்டே தானாக வெடிக்காது. எரிபொருளை மிகத் துல்லியமாக, கண்ணிமைக்கும் நேரத்தை விடப் பல்லாயிரம் மடங்கு குறைந்த நேரத்தில் அழுத்திச் சேர்த்தால்தான் வெடிக்கும். உலையில் அதற்கான ஏற்பாடு எதுவும் கிடையாது. 1965-ல் நெவாடாவில் கிவி என்ற ராக்கெட் உலையை வேண்டுமென்றே கட்டுப்பாட்டை மீறவிட்டுச் சிதறடித்துப் பார்த்தார்கள். உலை துண்டு துண்டானது, சுற்றுப்புறம் மாசுபட்டது, சுத்தம் செய்தார்கள். காளான் மேகம் எழவில்லை.

அடுத்தது, அணைந்திருக்கும் உலை. இதுவரை ஒரு முறைகூட இயக்காத உலையில் இருப்பது வெறும் யுரேனியம். யுரேனியம்-235-இன் அரை ஆயுள், அதாவது அதில் பாதி சிதைய ஆகும் காலம், சுமார் 70 கோடி ஆண்டு. அவ்வளவு மெதுவாகச் சிதைவதால் அதன் கதிரியக்கமும் அவ்வளவு குறைவு. எங்களைப் போன்ற மருத்துவமனைகளில் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் கோபால்ட் இயந்திரத்தின் விரல் நீள மூலத்தில், இயக்காத விண்வெளி உலையின் மொத்த எரிபொருளை விடப் பல ஆயிரம் மடங்கு கதிரியக்கம் உண்டு. அது சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும்போதுதான் நீங்கள் வரிசையில் உட்கார்ந்து டீ குடிக்கிறீர்கள். உலையை இயக்கிய பிறகுதான் யுரேனிய அணுக்கள் பிளந்து உண்டாகும் சீசியம், ஸ்ட்ரான்சியம் போன்ற ஆபத்தான பொருள்கள் உள்ளே சேரும். அதனால்தான் சுற்றுப்பாதையை அடையும் முன் உலையை இயக்கக் கூடாது என்று 1992-இன் ஐ.நா. கோட்பாடுகள் சொல்கின்றன. ராக்கெட் கடலில் விழுந்து, தண்ணீர் புகுந்து உலை தானாக இயங்கத் தொடங்கிவிடுமோ என்பதுதான் பொறியாளர்களுக்கு உண்மையான தலைவலி. அதைத் தடுக்க, அணுப் பிளவைத் தொடரவைக்கும் நியூட்ரானை விழுங்கும் பொருளை முன்கூட்டியே உள்ளே செருகி வைக்கும் வடிவமைப்புகள் உண்டு.

விண்கலங்களில் உலைக்குப் பதிலாக வைக்கும் புளுட்டோனியம்-238 மின்கலம் வேறு ஜாதி, புளுட்டோனியம் சிதையும் வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுப்பது. அதற்கு அரை ஆயுள் 88 ஆண்டுதான், கிளம்பும்போதே கதிரியக்கம் பலமாக இருக்கும். 1964-ல் ஓர் அமெரிக்கச் செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை எட்டாமல் விழுந்தபோது, அதிலிருந்த சுமார் ஒரு கிலோ புளுட்டோனியம் வளிமண்டலத்தில் எரிந்து உலகம் முழுக்கப் பரவியது. அதன்பின் எரியாமல் முழுசாகக் கீழே வரும்படி உறையை மாற்றினார்கள். 1968-ல் நிம்பஸ் செயற்கைக்கோள் ஏவும்போதே அழிக்கப்பட, கலிபோர்னியா கடலடியிலிருந்து மின்கலத்தை எடுத்து, அதே எரிபொருளை அடுத்த செயற்கைக்கோளில் போட்டார்கள். ஆக, கிளம்பும்போது கவலைப்பட வேண்டியது மின்கலத்துக்கு. உலைக்குக் கவலைப்பட வேண்டியது திரும்பி விழும்போது. ஆடியோக்காரர் இரண்டையும் தலைகீழாக்கி வைத்திருக்கிறார்.

திரும்பி விழுந்ததற்கு உதாரணம் காஸ்மாஸ் 954. சோவியத் ரேடார் செயற்கைக்கோள், உள்ளே ஓடிக்கொண்டிருந்த உலை. வேலை முடிந்ததும் உலையைச் சுமார் 900 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிவிட வேண்டும். அங்கே பல நூறு ஆண்டு சுற்றட்டும், அதற்குள் சீசியமும் ஸ்ட்ரான்சியமும் ஓய்ந்துவிடும் என்பது கணக்கு. தள்ளும் கருவி வேலை செய்யவில்லை. 1978 ஜனவரி 24 அன்று வடக்குக் கனடாவில் சுமார் 600 கிலோமீட்டர் நீளத்துக்குச் சிதறியது. உறைபனியில் மாதக்கணக்கில் தேடினார்கள். தெலான் ஆற்றோரம் குளிர்காலத்தைக் கழித்துக்கொண்டிருந்த குழுவில் இருவர், பனியில் செருகிக் கிடந்த உலோகத் துண்டருகே தெரியாமல் போய் நின்றுவிட்டார்கள். பிறகு அவர்களைப் பரிசோதிக்க வேண்டியிருந்தது. எரிபொருளில் மிகச் சிறு பங்கே கிடைத்தது. கனடா 60 லட்சம் டாலர் கேட்டது, 1981-ல் 30 லட்சம் வாங்கியது.

இவ்வளவு ஆபத்து இருந்தும் அணு எஞ்சினை ஏன் விடமாட்டேன் என்கிறார்கள்? பயண நேரத்துக்காக. ஹைட்ரஜனை எரிக்காமல் உலையில் சூடாக்கி வெளியேற்றினால், அதே எடை எரிபொருளுக்குச் சாதாரண ராக்கெட்டைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு உந்துவிசை. செவ்வாய்க்குச் சீக்கிரம் போகலாம். நாசாவின் கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாய்க்குப் போகும் வழியில் அளந்த கதிர்வீச்சு நாளுக்குச் சுமார் 1.8 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சின் அளவு). இந்தியாவில் எங்களைப் போன்ற ஊழியர்களுக்குச் சராசரி ஆண்டு வரம்பு 20 மில்லிசீவர்ட். அதாவது பதினொரு நாளில் அந்த விண்வெளி வீரர் என் ஒரு வருடக் கோட்டாவை முடித்துவிடுவார். கதிர்வீச்சை அளக்க நான் அணியும் பேட்ஜில் அப்படி ஓர் எண் வந்தால் விளக்கம் எழுதியே கை ஓய்ந்துவிடும். அந்தக் கதிர்வீச்சு எந்த உலையிலிருந்தும் வரவில்லை. பெரும்பகுதி விண்மீன்களுக்கிடையிலிருந்து வருவது. அங்கே கழிக்கும் நாள்களைக் குறைப்பதே பெரிய பாதுகாப்பு.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. தயவுசெய்து சிகிச்சையை நிறுத்தாதீர்கள். வானத்துச் செய்திக்கும் உங்கள் அம்மாவின் சிகிச்சைக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆடியோவை அனுப்புமுன் 'அது உலையா, மின்கலமா, எந்த உயரத்தில் இயக்குவார்கள்' என்று அனுப்பியவரைக் கேளுங்கள், அதோடு அவரே அடங்கிவிடுவார். அப்புறம், வயலில் விண்கலத் துண்டு ஏதாவது விழுந்தால், 2022-ல் மகாராஷ்டிராவின் சந்திரபூர் மாவட்டத்தில் உலோக வளையமும் உருண்டைகளும் விழுந்தன அல்லவா, அதுபோல விழுந்தால், தொடாதீர்கள். கதிரியக்கம் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் தொட்டிக்குள் ஹைட்ரஸீன் என்ற எரிபொருள் மிச்சம் இருந்தால் அது கடும் விஷம். காயலான் கடைக்கு உருட்டிக்கொண்டு போகவே போகாதீர்கள். பிள்ளைகளையும் ஆடு மாடுகளையும் விலக்குங்கள், காற்று வரும் பக்கமாக நில்லுங்கள், 112-க்குப் பேசுங்கள். படம் வேண்டுமென்றால் தூரத்திலிருந்து ஜூம் போட்டு எடுங்கள்.