உடலுக்குள் எதுவும் மக்குவதில்லை

முறிந்த எலும்பைப் பிணைக்கும் திருகாணி "சில மாதங்களில் உடலிலேயே மக்கிவிடும்" என்று எழுதாத மருத்துவக் கட்டுரை அரிதாகிவிட்டது. மக்குவது நுண்ணுயிர்களின் வேலை. அறுத்துத் தைத்த இடத்தில் அவை வேலை செய்தால் அதற்குப் பெயர் கிருமித்தொற்று.

அந்தத் திருகாணி செய்யும் பொருளுக்கு ஆங்கில மூலச்சொல் பயோடிகிரேடபிள் பாலிமர். பாலிமர் என்பது சிறு மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்த பெரிய மூலக்கூறு. 'பாலி' கிரேக்கத்தில் பல, 'மெரோஸ்' பகுதி. 'டிகிரேட்' லத்தீனில் படியிறங்குவது. பாலிமரைத் தமிழகப் பாடநூல்கள் பலபடி என்கின்றன, இலங்கையில் பல்பகுதியம். இரண்டும் நல்ல சொற்களே, பின்னது மூலத்துக்கு இன்னும் நெருக்கம். கோளாறு முன்னால் ஒட்டும் அடைமொழியில்தான்.

லாக்டிக் அமில மூலக்கூறுகளைக் கோத்த பலபடியான பாலிலாக்டிக் அமிலத்தில் செய்த கோப்பை, ஏறத்தாழ 60 டிகிரி வெப்பமுள்ள உரக்கிடங்கில் மக்கும். அங்கே ஈரமும் சூடும் சங்கிலிகளை நறுக்க, துண்டுகளை நுண்ணுயிர்கள் தின்கின்றன. அதே பொருள் 37 டிகிரி உடலில் இருக்கும்போது வேலை முழுக்கத் தண்ணீருடையது என்றே சொல்லலாம். நீர் உள்ளே ஊடுருவி சங்கிலியின் கண்ணிகளை இணைக்கும் எஸ்டர் பிணைப்புகளை வெட்டுகிறது, இதுதான் நீராற்பகுப்பு. கடைசியில் மிஞ்சும் லாக்டிக் அமிலம் நம் தசைகளே உண்டாக்குவது. உடல் அதைக் கார்பன் டையாக்சைடும் நீருமாக்கி வெளியேற்றிவிடும். உரக்கிடங்குக்கு 'மக்கும்' சரி, உடலுக்குள் வைக்கும் உள்வைப்புக்குச் சரியில்லை.

'உயிரிச்சிதைவுப் பலபடி' என்பதோ பார்வைக்குத் தூய தமிழ், பொருளில் குளறுபடி. உயிரியால் சிதைவதா, உயிரியே சிதைவதா? தொகையை விரித்தால் இரண்டும் வரும். 'பயோ' என்று கண்டதும் கை தானாக 'உயிரி' என்று எழுதிவிடுகிறது. மொழிபெயர்ப்பாளர் பலர் அதற்குமேல் யோசிப்பதில்லை.

மூன்றாவது 'கரையும்'. கரையும் தையல் என்பது பேச்சுவழக்கில் ஊன்றிவிட்டது, அதைப் பிடுங்க முடியாது. ஆனால் பொருள் விளக்கும் எழுத்தில் அதுதான் அதிகக் கேடு செய்கிறது. சர்க்கரை கரைந்தால் மூலக்கூறு முழுதாகவே இருக்கும். இங்கே மூலக்கூறே அறுபடுகிறது. கரைவது என்றால் வெளியிலிருந்து மெல்ல மெல்லத் தேய்வதாக வாசகர் நினைப்பார். நடப்பது வேறு: முதலில் மூலக்கூறு எடை விழும், அடுத்து வலிமை போகும், பொருளின் எடை கடைசியில்தான் குறையும். விக்ரில் வகைத் தையல் நூல் இரண்டாம் வாரம் முக்கால் பங்கு வலிமையோடு இருக்கும், மூன்றாம் வாரம் பாதி, நான்காம் வாரம் கால். முழுதாக மறைய 56 முதல் 70 நாள். "இரண்டு மாதத்தில் கரையும்" என்று மட்டும் எழுதினால் இரண்டு மாதமும் காயத்தைப் பிடித்திருக்கும் என்றுதானே பொருள்படும்? தடித்த துண்டில் இன்னொரு விசித்திரம். உள்ளே உண்டாகும் அமிலம் வெளியேற வழியின்றித் தேங்கி வெட்டுதலை வேகப்படுத்தும், அதனால் மேற்புறத்தைவிட நடுப்பகுதி முன்னதாக நைந்துபோகும். இதை 'கரைதல்' சொல்லுமா?

'செரிக்கும்' என்பதே என் தேர்வு: உடலில் செரிக்கும் பலபடி. செரித்தலில் உடைவதும் உண்டு, உடைந்ததை உடல் எடுத்துக்கொள்வதும் உண்டு. வயிற்றில் நொதிகள் அல்லவா செரிக்கின்றன என்று மறுப்பார்கள். அந்த நொதிகளும் நீரைச் சேர்த்துத்தான் பிணைப்பை அறுக்கின்றன; இங்கே நொதியின் துணை பெரிதாகத் தேவைப்படுவதில்லை, அவ்வளவே. உடைவதை மட்டும் குறிக்க 'சிதையும்' போதும். இதே குடும்பத்துப் பலபடியான பாலிகிளைக்காலிக் அமிலம் மாதங்களில் செரிக்கும். படிகத்தன்மை மிகுந்த, அதாவது சங்கிலிகள் ஒழுங்காக நெருங்கி அடுக்கிய, பாலி-எல்-லாக்டிக் அமிலத்தின் துணுக்குகள் வலிமை போன பின்னும் ஆண்டுக்கணக்கில் தங்கி, சிலருக்கு வீக்கம் தந்ததுண்டு. சிதைந்தது, இன்னும் செரிக்கவில்லை என்று அப்போது துல்லியமாகச் சொல்லலாம்.

சொல் பிசகினால் கையாள்வதும் பிசகும். மக்கும் பொருள் என்று நம்புகிறவர், கிருமி நீக்கிய பொட்டலம் கெடாது என்றுதான் எண்ணுவார். காற்றின் ஈரமே வெட்டத் தொடங்கிவிடும். ஆகவேதான் ஈரம் புகாத உலோகத்தாள் உறை. ஆகவேதான் 121 டிகிரி நீராவியில் இதைக் கிருமி நீக்குவதில்லை, எத்திலீன் ஆக்சைடு வாயுவோ காமாக் கதிரோதான். அந்தக் கதிரும் சங்கிலியைக் கொஞ்சம் அறுக்கும் என்பதால் வலிமையை அதற்குப் பிறகு அளக்க வேண்டும். உறை பிரிந்து மிஞ்சிய நூலைத் திரும்ப மூடிவைத்து அடுத்தவருக்குப் பயன்படுத்தக் கூடாது.