குளுக்கோஸ் வந்தால் மட்டும் மூடும் நொதி

ரத்தச் சர்க்கரையை அளக்கும் பெரிய ஆய்வுக்கூட இயந்திரங்கள் பலவற்றில் ஊற்றப்படும் கரைசலில் ஈஸ்ட்டிலிருந்து எடுத்த ஒரு நொதி இருக்கும். பெயர் ஹெக்சோகைனேஸ். ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் அதே ஈஸ்ட்தான். செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபியிடமிருந்து ஒரு பாஸ்பேட்டை வாங்கி, குளுக்கோஸின் ஆறாவது கார்பன் பக்கம் ஒட்டுவது இதன் வேலை. கூடவே மெக்னீசியம் அயனியும் வேண்டும்.

இதில் ஒரு புதிர் இருக்கிறது. பாஸ்பேட்டைப் பெற்றுக்கொள்வது குளுக்கோஸில் உள்ள ஓஹெச் தொகுதி. தண்ணீரிலும் அதே ஓஹெச் உண்டு. செல்லுக்குள் எங்கு பார்த்தாலும் தண்ணீர்தான். நொதியின் பிளவுக்குள்ளும் அது எளிதாக நுழையும். அப்படியானால் ஏடிபி எல்லாம் தண்ணீரிடமே வீணாகிவிடாதா?

வீணாவதில்லை. சரியான மூலக்கூறு வந்து அமர்ந்த பிறகுதான் நொதி தன் வடிவத்தை வேலைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்கிறது என்று 1958இல் உயிர்வேதியியலாளர் டேனியல் கோஷ்லாண்ட் சொன்னார். 1970களில் தாமஸ் ஸ்டைட்ஸின் குழு, ஈஸ்ட் ஹெக்சோகைனேஸின் எக்ஸ்ரே படிகப் படங்களில் அதைக் காட்டியது. நொதிக்கு இரண்டு மடல்கள், நடுவே பிளவு. குளுக்கோஸ் உள்ளே அமர்ந்ததும் ஒரு மடல் சுமார் 12 டிகிரி திரும்பி, வாய் மூடுவதுபோல் மூடிக்கொள்கிறது. தண்ணீர் மூலக்கூறு மிகச் சிறியது. அதனால் இந்த அசைவைத் தூண்ட முடியாது. ஆகவே தண்ணீருடனான வினை சுமார் 40,000 மடங்கு மெதுவாகவே நடக்கிறது. எனக்கு உயிர்வேதியியலில் மிகப் பிடித்த எண் இது. (இதே ஸ்டைட்ஸ்தான் பிற்பாடு ரைபோசோம் ஆய்வுக்காக, சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன், அடா யோனத் ஆகியோருடன் 2009 நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.)

சரி, இதை வைத்துச் சர்க்கரையை எப்படி அளப்பது? உருவாகும் குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டுக்கு நிறமில்லை. அதனால் இன்னொரு நொதியையும் சேர்க்கிறார்கள். அது குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டை ஆக்சிஜனேற்றி, என்ஏடிபி என்ற துணை மூலக்கூறை என்ஏடிபிஹெச் ஆக்குகிறது. என்ஏடிபிஹெச் 340 நானோமீட்டர் புற ஊதா ஒளியை உறிஞ்சும். ஒரு குளுக்கோஸுக்கு ஒரு என்ஏடிபிஹெச். ஆக, உறிஞ்சிய ஒளியை அளந்தால் சர்க்கரைக் கணக்கு வந்துவிடும். ஹெக்சோகைனேஸ் ஃப்ரக்டோஸையும் மானோஸையும்கூட எடுத்துக்கொள்ளும்தான். ஆனால் இரண்டாவது நொதி அவற்றின் பாஸ்பேட்டுகளைச் சீண்டாது. இந்த ஜோடிப் பொருத்தத்தால்தான் முடிவை நம்ப முடிகிறது.

ஈஸ்ட் நொதிக்கு இன்னொரு வசதியும் உண்டு. நம் மூளையிலும் தசையிலும் உள்ள ஹெக்சோகைனேஸ், குளுக்கோஸ்-6-பாஸ்பேட் சேரச் சேர வேகம் குறைந்துவிடும். செல்லுக்கு அது நல்ல கட்டுப்பாடு, சோதனைக் குழாயில் தொல்லை. ஈஸ்ட் நொதியை அது அவ்வளவாகப் பாதிப்பதில்லை.

அப்புறம், குளுக்கோஸைத் தாராளமாகக் கொடுத்துவிட்டால் இதே ஏற்பாடு ஏடிபியை அளக்கவும் உதவும். தசைச் சேதத்தைக் காட்டும் கிரியேட்டின் கைனேஸ் சோதனை அப்படித்தான் நடக்கிறது: அந்த நொதி உண்டாக்கும் ஏடிபியை ஹெக்சோகைனேஸ் செலவழிக்கும், கருவி அதே 340 நானோமீட்டரில் கணக்கெடுக்கும்.