கோச் என்றால் பயிற்சியாளரா, பயிற்றுநரா?

சிங்கப்பூர் தேசியக் காற்பந்துக் குழுவுக்குப் புதிதாக ஒருவர் பொறுப்பேற்றால் தேக்கா காப்பிக் கடையில் முதலில் எழும் கேள்வி, “புது கோச் எப்படி?” என்பதுதான். வீட்டில் தமிழைத் தவிர வேறு எதுவும் பேசாத பெரியவரும் அங்கே கோச் என்றே சொல்வார். 2025ஆம் ஆண்டின் நடுவில் ஜப்பானியர் சுத்தோமு ஒகுரா விலகி, கேவின் லீ அந்த இடத்துக்கு வந்தார். தொழில்முறை ஆட்டக்காரராக இருந்த அனுபவம் இல்லை, வயதும் முப்பதுகளில்தான். “இவர் என்ன கோச்?” என்று கேட்டவர்கள் அப்போது நிறையப் பேர்.

கோச் என்ற சொல்லுக்கும் ஆட்டக்கார அனுபவத்துக்கும் தொடக்கத்தில் ஒரு சம்பந்தமும் இல்லை. அது ஓர் ஊர்ப் பெயர். ஹங்கேரியில், வியன்னாவிலிருந்து புடா நகருக்குப் போகும் வழியில், கொச் என்றொரு சிற்றூர் இருக்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டிலிருந்து அங்கே செய்த குதிரை வண்டிகளுக்கு நல்ல பெயர். ‘கொச்சி’ வண்டி என்றால் கொச் ஊர் வண்டி. ஜெர்மன், பிரெஞ்சு மொழிகள் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டன. பதினாறாம் நூற்றாண்டில் அது ஆங்கிலத்துக்கும் வந்தது. பிறகு வெள்ளைக்காரனோடு மதராசுக்கும் வந்து ‘கோச்சு வண்டி’ ஆனது.

வண்டி எப்படி ஆளானது? அது பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆக்ஸ்ஃபர்டு மாணவர்களின் குறும்பு. சொந்தமாகப் படிக்காதவனையும் ஏற்றிக்கொண்டுபோய்த் தேர்வுக்கு அக்கரையில் இறக்கிவிடும் தனி ஆசிரியரை அவர்கள் கோச் என்றார்கள். இப்போதைய ட்யூஷன் வாத்தியார்தான், வேறு யாருமில்லை. கொஞ்ச காலத்தில் படகோட்டும் மாணவர்களைத் தயார்செய்தவருக்கும் அதே பெயர் வந்தது, அங்கிருந்து எல்லா விளையாட்டுக்கும் பரவியது. பழைய பொருளும் போகவில்லை. பள்ளி விடுமுறையில் கோச் பேருந்து ஏறிப் பினாங்கு போகிறோமே, அது கொச் ஊர் வண்டியின் வாரிசு.

வேடிக்கை என்னவென்றால், சொல்லைக் கொடுத்த ஹங்கேரியர்கள் விளையாட்டுக்கு அதைப் பயன்படுத்துவதில்லை. அவர்களுக்கு ‘கொச்சி’ இன்று கார். விளையாட்டில் பயிற்சி கொடுப்பவரை ‘எட்ஸோ’ என்பார்கள், எஃகை உரமேற்றுவதற்கான வினையிலிருந்து வந்த சொல். மலாயில் ‘ஜுருலாத்தே’, பயிற்சி தருவதில் வல்லவர் என்று பொருள். நம் தமிழும் வண்டிப் பக்கம் போகவில்லை, பயிற்சிப் பக்கம்தான் நின்றது.

சரி, தமிழில் எது சரியான சொல்? புழக்கத்தில் மூன்று இருக்கின்றன: பயிற்சியாளர், பயிற்றுவிப்பாளர், பயிற்றுநர். மூன்றுக்கும் வேர் ஒன்று: பயில். இதற்குப் படித்தல் என்ற பொருள் பிற்பாடுதான் முன்னுக்கு வந்தது. பலமுறை பழகுதல் என்பது பழைய பொருள். ‘பயில்தொறும் பண்புடை யாளர் தொடர்பு’ என்ற குறளில் (783) பழகப் பழக என்றுதான் பொருள் கொள்கிறோம். ஒரே ‘பாஸ்’ஸை மாலை முழுக்கத் திரும்பத் திரும்பப் போடவைப்பதற்கு இதைவிடப் பொருத்தமான வினை கிடைக்காது.

தானே பழகினால் பயில், இன்னொருவரைப் பழக்கினால் பயிற்று. இந்த வேறுபாட்டைத்தான் ‘பயிற்சியாளர்’ தொலைத்துவிடுகிறது. ‘ஆளர்’ என்றால் உடையவர்: பொருளாளர், பேச்சாளர். அப்படியானால் பயிற்சியாளர் பயிற்சி கொடுப்பவரா, எடுப்பவரா? ‘குழுவில் 3 புதிய பயிற்சியாளர்கள் சேர்ந்தனர்’ என்று தலைப்பு வந்தால், வந்தவர்கள் பந்தை உதைப்பார்களா, ஓரத்தில் நின்று கத்துவார்களா என்று தெரியாது. தமிழ்நாட்டு நாளேடுகளில் இதுதான் நிலைத்துவிட்டது என்பதும் உண்மை. வழக்குக்கு வந்ததைப் பிழை என்று தூக்கியெறிய எனக்கு மனமில்லை.

‘பயிற்றுவிப்பாளர்’ இலங்கைத் தமிழில் நிறைய வரும், இங்கேயும் காதில் விழும். பயிற்று என்பதே பிறவினை, அதற்கு மேல் ஒரு ‘வி’ எதற்கு? கறாராகப் பொருள் சொன்னால் பயிற்றுநரைப் பயிற்றுவிப்பவர் என்று ஆகிவிடும். நேரடி வருணனையில் அதைச் சொல்லி முடிப்பதற்குள் கோல் விழுந்துவிடும்.

என் ஓட்டு ‘பயிற்றுநர்’ என்பதற்கு. ஓட்டுநர், இயக்குநர், ஆளுநர் வரிசையில் வரும் சொல். பயிற்றுபவர் யார் என்பதில் குழப்பமே இல்லை. எழுதும்போது மட்டும் கவனம்: ‘பயிற்றுனர்’ அல்ல, விகுதி ‘நர்’.

அடுத்தது, அவரோடு வரும் கூட்டம். இதற்குப் ‘பயிற்சிக் குழு’ என்று எழுதுகிறார்கள். தமிழ்நாட்டில் விளையாடுவது ‘அணி’ என்பதால் அங்கே அது ஓடிவிடும். சிங்கப்பூரில் விளையாடுவதே ‘குழு’. ‘பயிற்சிக் குழு அறிவிக்கப்பட்டது’ என்றால் பயிற்சிக்கு அழைக்கப்பட்ட ஆட்டக்காரர்கள் என்றும் படிக்கலாம். பயிற்றுநர் அணி என்றோ, வெறுமனே பயிற்றுநர்கள் என்றோ எழுதினால் தீர்ந்தது. தலைமைப் பயிற்றுநர், துணைப் பயிற்றுநர், கோல்காவலர் பயிற்றுநர், உடற்தகுதிப் பயிற்றுநர், ஆட்டப் பகுப்பாய்வாளர் எல்லாரும் அதில் அடக்கம்.

இத்தனை பேர் இருந்தும், ஆட்டம் நடக்கும்போது கோட்டோரம் ஒருவர்தான் கைநீட்டிக் கத்துவார். அது விதி. பெஞ்சுக்கு முன்னால் புள்ளிக்கோடு போட்ட இடம் பக்கவாட்டில் இருக்கைகளைத் தாண்டி 1 மீட்டர், முன்னால் எல்லைக்கோட்டுக்கு 1 மீட்டர் முன்வரை. அதற்குள்ளிருந்து ஒரு நேரத்தில் ஒருவர்தான் உத்தி சொல்லலாம். காலாங் அரங்கில் துணைப் பயிற்றுநர் எழுந்து நின்றதும் தலைமைப் பயிற்றுநர் பின்வாங்கினால், சண்டை என்று கதை கட்ட வேண்டாம்.

எழுத்தில்தான் இந்தக் கண்டிப்பு. சிலம்பத்துக்கு ஆசான், குஸ்திக்கு வாத்தியார் என்று கூப்பிட்டுப் பழகிய மொழி இது. 1977இல் மலேசியக் கிண்ணத்தை வென்று தந்த சூ செங் குவீயை ஊரே அங்கிள் சூ என்றது. திடலில் “கோச், கால் பிடிச்சிக்கிச்சு” என்று வரும் பையனிடம் போய்ப் ‘பயிற்றுநரே’ என்று திருத்தினால் அவன் அடுத்த வாரம் பூப்பந்துக்குப் போய்விடுவான்.

இன்னும் ஒரு சொல், ‘கேர்டேக்கர்’. அகராதியைப் பார்த்துப் ‘பராமரிப்புப் பயிற்றுநர்’ என்று எழுதினால் அரங்கில் புல் வெட்டுபவர் என்று தோன்றும். ‘இடைக்காலப் பயிற்றுநர்’ போதும். கேவின் லீ அப்படித்தான் தொடங்கினார். 2025 அக்டோபரில் ஆசியக் கிண்ணத் தகுதிச்சுற்றில் இந்தியாவுடன் இங்கே 1-1, கோவாவில் 2-1 வெற்றி. அந்த இரண்டு ஆட்டத்துக்கும் எந்தப் பக்கம் கைதட்டுவது என்று ஒரே வீட்டில் அப்பாவும் மகனும் முறைத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். நவம்பர் 18 அன்று ஹாங்காங்கில் ஒரு கோல் பின்தங்கி, பிறகு 2-1 என வென்றபோது அந்தப் பிரச்சினை இல்லை. 1984இல் ஏற்று நடத்தும் நாடாகத்தான் ஆசியக் கிண்ணத்தில் ஆடினோம். ஹாங்காங் வெற்றியோடு இடம் உறுதியானது, ஆடித் தகுதிபெற்றது இதுவே முதல் முறை. அதே மாதம் அவர் நிரந்தரத் தலைமைப் பயிற்றுநரானார். ‘இடைக்கால’ என்ற அடைமொழி செய்திகளிலிருந்து கழன்றுகொண்டது. காப்பிக் கடையில் “இவர் என்ன கோச்” போய் “நம்ம கோச்” வந்தது, அடுத்த தோல்வி வரைக்குமாவது.