தாத்தா விட்டுச்சென்ற வேட்டைத் துப்பாக்கி: உரிமமும் பராமரிப்பும்

உரிமதாரர் இறந்தபின் வீட்டில் தங்கிவிடும் பழைய போல்ட் ஆக்‌ஷன் (ஒவ்வொரு முறையும் கையால் தாழ்ப்பாளை இழுத்துத் தோட்டா ஏற்றும் வகை) வேட்டைத் துப்பாக்கியைப் பற்றி, “நூறு வருஷத்துப் பழசுக்கு உரிமம் எதற்கு?” என்று குடும்பத்தார் நினைத்துவிடுவதுண்டு. 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம், 45ஆம் பிரிவில், வழக்கொழிந்த அல்லது தொன்மை மதிப்புள்ள ஆயுதங்களுக்கு விலக்கு அளிப்பது உண்மைதான். ஆனால், பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் உள்ளவற்றுக்கே அது பொருந்தும். முதல் உலகப் போருக்கு முன் செய்த, மவுசர் என்ற ஜெர்மானியத் தயாரிப்புத் துப்பாக்கிகள் பல இன்றும் நன்றாகவே சுடும் என்பதால், வயதைக் காட்டித் தப்ப முடியாது.

உரிமம் இல்லாமல் போன துப்பாக்கியை, அதே சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைத்து ரசீது பெறவேண்டும். பிறகு, 21 வயது நிரம்பிய வாரிசு ஒருவர் தம் பெயரில் உரிமம் கோரி மாவட்ட ஆட்சியரிடம், சென்னையில் காவல் ஆணையரிடம், விண்ணப்பிக்கலாம். 2016ஆம் ஆண்டின் படைக்கல விதிகளில் 25ஆம் விதி இதற்கு வழி செய்கிறது. உரிமதாரர் 70 வயதை எட்டியிருந்தாலோ 25 ஆண்டுகள் துப்பாக்கியை வைத்திருந்தாலோ, உயிருடன் இருக்கும்போதே வாரிசை நியமிக்கவும் அதே விதி இடம் தருகிறது. படைக்கலச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. பரம்பரைச் சொத்து என்பதற்காக அந்த வரம்பு தளராது. ராணுவத் தோட்டாவை ஏற்கும் .303 போன்ற துப்பாக்கிகள் தடைசெய்யப்பட்ட வகையில் அடங்குவதால், குழலின் உள்விட்ட அளவை முதலிலேயே சரியாக அறிந்துகொள்வது நல்லது.

காலத்தைக் கணிக்கக் குழலில் உள்ள முத்திரைகளே நம்பகமான சாட்சி. .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம் தோட்டா 1912இல் வந்தது. எனவே அதற்கென்றே செய்யப்பட்ட துப்பாக்கி அதற்கு முந்தையதாக இருக்காது. துப்பாக்கியைச் சுட்டுச் சோதித்தபின் பொறிக்கும் ஜெர்மானியச் சோதனை முத்திரையில் 1940 முதல் கழுகும் ‘என்’ எழுத்தும் வந்துவிட்டதால், மகுடத்தின் கீழ் ‘யு’ இருந்தால் அது பெரும்பாலும் அதற்கு முந்தையது. தொடர் எண்ணைத் தயாரிப்பாளரின் பழைய பேரேட்டுடன் ஒப்பிட முடிந்தால், ஆண்டே துல்லியமாகத் தெரிந்துவிடும்.

பளபளப்புக்காகக் குழலை உப்புத்தாள் கொண்டு தேய்ப்பது இத்தடயங்களை அழித்துவிடும். அது ரசனைக் குறைவு மட்டுமன்று. துப்பாக்கியில் பொறித்த பெயரையோ எண்ணையோ அழிப்பதும் மாற்றுவதும் படைக்கலச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி குற்றம். பழுது பார்க்கும் வேலையை, 5ஆம் பிரிவின் கீழ் உரிமம் பெற்றவரிடம் மட்டுமே கொடுக்கவேண்டும்.

உரிமம் கைக்கு வந்தபின் வீட்டில் செய்யக்கூடியது எளிய பராமரிப்பே. முதலில் உள்ளே தோட்டா இல்லை என்று உறுதிசெய்துகொள்ளவேண்டும். பழங்காலத் தோட்டாக்கள் விட்டுச்செல்லும் உப்பு எண்ணெயில் கரையாது, நீரில்தான் கரையும். ஆகவே குழலை வெந்நீரால் கழுவி, முழுதும் உலர்த்தி, மெல்லிய எண்ணெய் பூசவேண்டும். தோலுறைக்குள் வைத்தால் ஈரம் தங்கித் துரு ஏறும். நம் கடலோரக் காற்றில் அது விரைவிலேயே நேரும்.

சரணாலயத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் வசிப்பவருக்கு, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, தலைமை வனவிலங்குக் காப்பாளரின் முன் இசைவு இல்லாமல் புதிய உரிமம் வழங்க முடியாது என்பதையும் மலையோரக் குடும்பங்கள் கணக்கில் கொள்ளவேண்டும்.