போர் மரியாதையா, களப்பட்டமா?

டிசம்பர் வந்தால் தொலைக்காட்சியில் லோங்கேவாலா வந்துவிடும், 1971 இந்திய-பாகிஸ்தான் போரில் ராஜஸ்தான் எல்லைக் காவல்நிலை ஒன்றில் நடந்த சண்டை. கூடவே அந்த வாசகமும் வரும்: "23ஆம் பஞ்சாப் பட்டாலியனுக்குப் போர் மரியாதை வழங்கப்பட்டது." முதலில் கேட்டபோது சிரித்தேன். இப்போது சிரிப்பு வருவதில்லை.

ஆங்கிலத்தில் 'பேட்டில் ஆனர்'. ஒரு படைப்பிரிவு சிறப்பாகப் போரிட்ட களத்தின் பெயரைத் தன் கொடியில் பொறித்துக்கொள்ளும் உரிமை அது. 1760இல் ஜெர்மனியின் எம்ஸ்டார்ஃபில் வென்ற பிரிட்டிஷ் குதிரைப்படைப் பிரிவு ஒன்று அந்த ஊர்ப்பெயரைத் தலைக்கவசத்தில் எழுதிக்கொண்டது. அந்த வழக்கம் வளர்ந்து, பிரிட்டிஷார் வழியாக நம் இராணுவத்துக்கும் வந்தது. 'ஆனர்' லத்தீன் சொல். நம் 'மரியாதை' வடமொழி. அங்கே அதற்கு எல்லை, வரம்பு என்று பொருள். சரி, அது போகட்டும். வடமொழி என்பதல்ல என் வழக்கு.

இராணுவத்தோடு சேர்ந்த 'மரியாதை'க்குத் தமிழில் ஏற்கெனவே வேலை இருக்கிறது. குடியரசுத் தலைவர் வந்தால் அணிவகுப்பு மரியாதை. வீரர் இறந்தால் இராணுவ மரியாதையுடன் அடக்கம். 'போர் மரியாதை' என்றதும் குண்டு முழங்கி யாரையோ புதைக்கிறார்கள் என்றுதான் காது எடுத்துக்கொள்கிறது. அதோடு மரியாதை என்பது செய்கிற நேரத்தோடு முடிந்துவிடுவது. பேட்டில் ஆனர் முடிவதில்லை. அன்று போரிட்டவர்கள் எல்லாரும் ஓய்வு பெற்ற பிறகும் பட்டாலியனோடு இருக்கும். 'பதக்கம்' என்று எழுதுகிறவர்களும் உண்டு. பதக்கம் ஆளுக்கு. லோங்கேவாலா காவல்நிலையைத் தாங்கிய மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரிக்கு மகாவீர் சக்கரம் கிடைத்தது. லோங்கேவாலா என்ற பெயர் கிடைத்தது பட்டாலியனுக்கு.

வேடிக்கை என்னவென்றால், ஊர்ப்பெயரைப் பட்டமாக்கும் பழக்கம் நமக்கு இரவல் இல்லை. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன், மதுரை கொண்ட கோப்பரகேசரி, கடாரங்கொண்டான் எல்லாரும் யார்? நாம் களத்தின் பெயரை அரசனுக்குச் சூட்டினோம். அவர்கள் படைப்பிரிவுக்குச் சூட்டுகிறார்கள். அவ்வளவே வித்தியாசம். ஆகவே 'களப்பட்டம்' என்கிறேன். 'செருப்பெயர்' என்று ஒரு நண்பர் சொன்னார். தூய தமிழ்தான், ஆனால் வாய்விட்டுச் சொன்னால் காலில் போடுவது ஞாபகம் வருகிறது. 'களவிருது' இன்னும் மோசம், களவில் கிடைத்த மாதிரி. பட்டம் என்றால் காற்றாடியும்தானே என்று கேட்பவர்களுக்கு: பட்டம் சூட்டினார்கள் என்றால் யாரும் நூலைத் தேடுவதில்லை.

அதே நிகழ்ச்சியில் 'இரவுநேரத் தற்காப்புப் போர்' என்றும் சொன்னார்கள். தற்காப்பு என்றால் தன்னைக் காத்துக்கொள்வது. கராத்தே வகுப்புக்குப் பொருந்தும். 1971 டிசம்பர் 4 இரவு, தார்ப் பாலைவனத்தில் ஏறத்தாழ 120 பேர், நாற்பதுக்கும் மேற்பட்ட டாங்கிகளை எதிரே வைத்துக்கொண்டு, விடியும்வரை இடத்தை விடாமல் நின்றார்கள். ஜெய்சால்மரிலிருந்து நம் ஹண்டர் போர் விமானங்கள் இருட்டில் வந்து தாக்க முடியாது. காலை வெளிச்சம் வந்த பிறகுதான் வந்தன. தன்னைக் காத்துக்கொள்ள நினைத்திருந்தால் அவர்கள் இரவோடு இரவாகப் பின்வாங்கியிருக்கலாம். காத்தது இடத்தை. அதற்கு நம்மிடம் பூவே இருக்கிறது: கோட்டையைக் காப்பவர்கள் சூடும் நொச்சி. தொல்காப்பியர் இதைக் கோட்டை முற்றுகைக்கான உழிஞைத் திணைக்குள் அடக்கினார், புறப்பொருள் வெண்பாமாலை தனித் திணையாக்கியது. செய்தியில் நொச்சி என்று சொல்லச் சொல்லவில்லை, 'அரண்காப்புப் போர்' என்றாவது சொல்லலாமே. ஆனால் நம் மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியில் முதலில் நிற்கும் சொல்லை எடுத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். என்ன நடந்தது என்று பார்ப்பதில்லை.

இன்னொன்று பாக்கி. ஒரே களத்துக்கு அல்லாமல், போர் நடந்த பெரும் பகுதிக்கென்று தருவதை 'தியேட்டர் ஆனர்' என்பார்கள். அதை யாராவது 'அரங்க மரியாதை' ஆக்கி நாடக நடிகர்களுக்குக் கொடுத்துவிடுவதற்கு முன் சொல்லிவைக்கிறேன்: போர்முனைப் பட்டம்.