ரைஃபிள் பேரலைத் துடைக்கும்போது எதில் கவனம் வேண்டும்

"முன்பெல்லாம் ஒரே இடத்தில் விழும், இப்போது குண்டு சிதறுகிறது" என்று சொல்லி ரைஃபிளைக் கொண்டுவந்தால், நான் முதலில் பார்ப்பது பேரலின் வாய் விளிம்பைத்தான். கிரௌன் என்று சொல்கிற அந்த விளிம்பைத்தான் குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டு வெளியேறுகிறது. அங்கே ஒரு பக்கம் தேய்ந்திருந்தால், பின்னாலிருந்து தள்ளும் வாயு அந்தப் பக்கமாக முந்திக் கசிந்து குண்டைச் சாய்த்துவிடும். பல ரைஃபிள்களில் இந்தத் தேய்மானம் சுட்டு வந்ததே இல்லை, கிளீனிங் ராடை, அதாவது துடைக்கும் கம்பியை, வாய்ப்பக்கமாக நுழைத்து நுழைத்துத் துடைத்ததில் வந்தது.

பேரலின் பின்பக்கத்தை மூடும் போல்ட்டைக் கழற்ற முடிகிற ரைஃபிளா, பின்பக்கமிருந்தே துடையுங்கள். அதற்கு முன்னால் தோட்டாக்கள் அடுக்கும் மேகசினை எடுத்துவிட்டு, சுடும்போது தோட்டா உட்காரும் சேம்பர் காலியா என்று கண்ணால் பார்த்து விரலாலும் தடவிப் பார்த்து, தோட்டாக்களை வேறு இடத்தில் வைத்துவிட வேண்டும். அப்புறம் போல்ட் இருந்த இடத்தில் ராடை நேராகச் செலுத்தும் குழாயான போர் கைடைப் பொருத்துங்கள். அது இல்லாமல் தள்ளினால் ராட் வளைந்து, ரைஃபிளிங், அதாவது குண்டைச் சுழலவைக்கும் உள்வரிகள், தொடங்குகிற இடத்தையே உரசும், அழுக்கைக் கரைக்கும் சால்வென்ட்டும் ட்ரிகர் பக்கம் ஒழுகும்.

மூன்று நான்கு துண்டாகத் திருகிச் சேர்க்கிற அலுமினிய ராடை நான் யாருக்கும் சொல்வதில்லை. இணைப்புகளின் விளிம்பு உரசும். மென்மையான உலோகம் என்பதால் மண்துகள் அதில் பதிந்து உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும். பூச்சுள்ள ஒரே துண்டு ராட், ரைஃபிளிங்கோடு சேர்ந்து சுழலும் கைப்பிடி, அளவுக்குச் சரியான வெண்கல பிரஷ் அல்லது நைலான் பிரஷ் போதும், ஸ்டீல் பிரஷ் வேண்டவே வேண்டாம். பிரஷ்ஷைப் பாதி வழியில் திருப்பாமல் வாய்வழியே முழுதாக வெளியே விட்டு, கழற்றிவிட்டு ராடை இழுங்கள், அலுப்பான வேலைதான், ஆனாலும் விளிம்பு பிழைக்கும். அழுக்குத் துணியையும் திரும்ப உள்ளே இழுக்காதீர்கள்.

குண்டின் செம்பு உறை பேரலுக்குள் விட்டுப்போகும் படிவை எடுக்கும் அமோனியா கலந்த சால்வென்ட்டைக் காற்றோட்டமான இடத்தில் பயன்படுத்துங்கள், டப்பாவில் போட்டிருக்கிற நேரத்துக்கு மேல் உள்ளே விடாதீர்கள். துணி நீலமாக வந்தால் செம்பு கரைகிறது என்று அர்த்தம், ஆனால் வெண்கல பிரஷ்ஷும் அதே நீலத்தைக் கொடுக்கும், அதை நம்பித் தேய்த்துக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. துணி தும்பைப்பூவாக வர வேண்டும் என்ற பிடிவாதம் தேவையில்லை. குண்டு சரியாக விழுகிறவரை செம்பை விட்டுவிடலாம். ஈயக் குண்டு போடும் .22 ரிம்ஃபயர் என்ற சிறு தோட்டா ரைஃபிளுக்கு இதெல்லாம் இன்னும் குறைவு.

சில லீவர் ஆக்‌ஷன், செமி ஆட்டோ ரைஃபிள்களில் பின்வழி கிடையாது. அங்கே வாயில் பொருத்துகிற கைடு வேண்டும், அல்லது சேம்பர் பக்கமிருந்து இழுக்கிற கயிறு, அதையும் சாய்க்காமல் பேரலுக்கு நேராக இழுக்க வேண்டும்.

கடைசியில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு போட்டு வையுங்கள். மறுபடி சுடும் முன் காய்ந்த துணி ஒன்றைத் தள்ளி அந்த எண்ணெயை எடுத்துவிடுங்கள், பேரலில் தேங்கிய எண்ணெயோடு சுட்டால் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம்.